மேலே போய் நிற்கிற கை

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்த வயதில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து கோல்ஃப் கற்றுக்கொள்வதில் ஏதாவது பலன் உண்டா? யூடியூபைப் பார்த்து அடித்தால் பந்து போகாதா? போகும். என் பந்து ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் போனது. பந்து அல்ல என் பிரச்சினை என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. புரிய வைக்கும் பொறுமை எனக்கும் கிடையாது.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஒரு பை நிறைய கோல்ஃப் கோல்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தஞ்சாவூரில் இதை எங்கே போய் ஆடுவது, கரும்பு வெட்டவா என்று கத்தினேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் பழைய கால்மிதியைப் போட்டு, பிளாஸ்டிக் பந்து ஒன்றை வைத்து, கோலை ஓங்கினேன்.

அப்பா அங்கேதான் நாற்காலியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். தொண்ணூறைத் தொடுகிற வயது. மறதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைச் சில நாள் மகன் என்பார், சில நாள் சார் என்பார். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர்.

நான் கோலை ஓங்கியதும் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

பாத்ரூம் வருகிறதோ என்று நினைத்தேன். “என்னப்பா, கீழ போகணுமா?” என்று கிட்டே போனேன்.

அவர் திரும்பவில்லை. “சீக்கிரம் அடிச்சிட்டு விடுங்க எசமான். பறிச்சுப் போட்ட நாத்து காயுது” என்றார்.

கெஞ்சவில்லை, அழவில்லை. வேலை கெடுகிறதே என்ற கவலைதான் அந்தக் குரலில் இருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. அவரைப் பிடித்து உட்கார வைக்கப் போனால் என் கை பட்டதும் முதுகு இறுகியது. என் மனைவி மேலே வந்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லி அவரைக் கீழே அழைத்துப் போனாள்.

“இனிமே அவரு முன்னாடி இதத் தொடாதீங்க” என்றாள் ராத்திரி. “அதோட முடிஞ்சுது.”

முடியவில்லை. அப்பா என்னிடம் எதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஒருவர் கோல்ஃப் வசதியுடன் மனைகள் என்று விளம்பரம் செய்து, மனையும் விற்காமல் வசதியும் வராமல், வலை கட்டிய ஒரு பயிற்சித் திடலோடு நின்றுபோயிருந்தார். அங்கே கற்றுக்கொடுத்தது ஒரு பெண். பெங்களூரில் கல்லூரி அணியில் ஆடியவள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். கூடாது என்றேன். சார் ஆக்கிக்கொண்டாள்.

முதல் நாளே நான் அடிப்பதை செல்போனில் படம் எடுத்து, வேகத்தைக் குறைத்துக் காட்டினாள்.

“எல்லாம் ஓகே சார். ஆனா மேல போயி கை நின்னுடுது பாருங்க. யாருக்காக வெயிட் பண்றீங்க?”

பார்த்தேன். இடது கால் லேசாகத் தூக்கியிருக்கிறது. இடுப்பு முன்னே தள்ளியிருக்கிறது. கோல் வலது தோளுக்கு மேலே போய் அசையாமல் நிற்கிறது. பிறகுதான் இறங்குகிறது. படத்தில் இருந்தது நான் இல்லை. எங்கள் ஊர்க் காரியக்காரர்.

முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. அப்பா அங்கே பண்ணையாள். மிராசுதார் திருச்சியில் இருந்தார். அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொண்டவர்தான் காரியக்காரர். வேலைக்குப் பிந்தினால் களத்தில் வைத்து மூங்கில் கழியால் அடிப்பார். ஓங்கிய கழியை உடனே இறக்க மாட்டார். மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கு எப்போது விழும் என்று தெரியாது. அடியைவிட அதுதான் தாங்காது என்பார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருவன் காரியக்காரர், மற்றவர்கள் பண்ணையாட்கள். நானே எப்போதும் காரியக்காரர். மேலே நிறுத்துவது என்னைப் போல வேறு யாருக்கும் வராது. நான் நிறுத்தினால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வேலை முடிந்து வரும் அப்பா எங்களைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போவார். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு செங்கொடி ஏறியது. கூலி கேட்டு அறுவடையை நிறுத்தினார்கள். போலீஸ் வண்டி வந்து வாய்க்கால் கரையில் நின்றது. ஆட்சியும் மாறியது. மேடைகளில் அழகான தமிழ் கேட்டது. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் நிலம் அவர் உறவினர் பெயர்களுக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும் குடிசை இருந்த இடத்துக்குப் பட்டா வந்தது, எனக்கு அரசு விடுதியில் சோறும் படிப்பும் கிடைத்தன. அந்த நன்றி எனக்கு உண்டு. காரியக்காரர் ஒரு அறுவடைக்குப் பிறகு ஊரைவிட்டே போய்விட்டார். அவருடைய முகம்கூட இன்று எனக்கு ஞாபகமில்லை. கை மட்டும் என்னோடு வந்திருக்கிறது.

“இத மாத்திக் குடுத்துடும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

“பந்து நல்லா போகுதே சார்? டிஸ்டன்ஸ் குறைஞ்சிடுமே.”

“போனா போகட்டும். இந்தக் கை எனக்கு வேணாம்.”

என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் நிறைந்த வாளியைச் சிந்தாமல் சுற்றுவது மாதிரி சுற்றச் சொன்னாள். நிறுத்தினால் தண்ணீர் தலையில் கொட்டும், நிறுத்தாதீங்க என்பதுதான் அவள் பாடம். படாத பாடு பட்டேன். தோள் வீங்கியது. கோபத்தில் கோலை வலைக்குள் எறிந்திருக்கிறேன். ஒருமுறை பந்தை வைக்க அவள் எனக்கு முன்னால் குனிந்தபோது, என் கையிலிருந்த கோல் ஏற்கெனவே மேலே இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

மழைக்காலம் போய், சம்பா அறுவடையும் ஆன பிறகு ஒரு நாள் அவள் படத்தைக் காட்டிச் சிரித்தாள். கை நிற்கவில்லை. போன வேகத்தில் வளைந்து, தானாக இறங்கியது. பந்து பாதி தூரம்தான் போனது. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். நல்லா இருக்கு, அவருகிட்ட மட்டும் வேணாம் என்றாள். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்புறம் தனியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா. அவரே இழுத்துவந்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் கோலைச் சாய்க்கப் போனேன்.

“ம், நடக்கட்டும்” என்றார்.

சுற்றினேன். எங்கும் நிறுத்தவில்லை. அப்பா அசையவில்லை. இன்னொரு தடவை சுற்றினேன். அவர் கண் கோலோடு மேலே போய், கோலோடு கீழே வந்தது. எழுந்திருக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். “கையில வேகமே இல்லீங்களே” என்றார். குரலில் அவ்வளவு இரக்கம். “உங்களுக்கும் வயசாயிடுச்சு. எவ்வளவு நேரம் நிப்பீங்க? உக்காருங்க.”

நான் உங்க மகன்ப்பா என்று சொல்லியிருக்கலாம். ஆனால், காரியக்காரர் எதிரே அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கோலைக் கீழே வைத்துவிட்டு, அவர் கை காட்டிய இடத்தில், தரையில் உட்கார்ந்தேன்.