சன்னல் வழியே கொடுத்த தம்பி

அப்பாவின் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரே வரிதான் இருக்கிறது: ‘நாங்கள்தான் கொடுத்தோம்.’ வைகாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பிக்கு ஏழு மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று எல்லார் கைப்பேசியிலும் செய்தி வந்துகொண்டிருந்த கோடை அது.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்து நிரம்பி நின்றது. பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பியிருந்தோம். கூட்டமென்றால் எல்லாரும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தாள். “புள்ளய கொஞ்சம் புடிங்க” என்று தம்பியைச் சன்னல் வழியே நீட்டினாள். பச்சை வளையல் போட்ட இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. முகத்தை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் படியில் தொற்றியபோது என் இடது செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்க நான் குதித்தேன்; என்னைப் பிடிக்க அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். உள்ளே எங்கோ நடத்துநர் விசில் அடித்தார். அப்பா பின்னாலேயே ஓடித் தட்டியும் பேருந்து நிற்கவில்லை. அந்தப் பதற்றத்தில் செருப்பும் கிடைக்கவில்லை.

ஜீப் கிடைக்க அரை மணி நேரமானது. ஓட்டுநர் என்ன நடந்தது என்று கேட்டார். செருப்புக்காக அடி விழும் என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

“பச்ச வளையல் போட்ட பொம்பள, தம்பிய தூக்கினு போய்ட்டா.”

அவர் உடனே வெள்ளிமலையிலிருந்த கூட்டாளியை அழைத்தார். “பஸ்ல ஒருத்தி கைப்புள்ளயோட வர்றா. பச்ச வளையலு. வுட்றாதீங்க.”

தூக்கவில்லை, நாங்கள்தான் கொடுத்தோம் என்று அப்பா பதறிச் சொன்னார். ஓட்டுநர் மறுபடி அழைத்தார். மலைமேல் தொடர்பு கிடைக்கவில்லை. அதற்கப்புறமும் கிடைக்கவேயில்லை.

அப்பா பௌத்தத்தைத் தழுவி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. காலையில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு பேருக்கு நலம் நினைக்கச் சொல்வார். முதலில் நமக்கு, அடுத்து வேண்டியவருக்கு, பிறகு முன்பின் அறியாத ஒருவருக்கு, கடைசியில் நமக்குத் தீங்கு செய்தவருக்கு. ஜீப்பில் அதைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு, தம்பிக்கு. மூன்றாவதாக அந்த வளையல் கைகள் வந்தன. அதைத் தாண்டி நான்காவது ஆளுக்குப் போக முடியவில்லை. அப்பா ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரின் கைப்பேசியை வாங்கி அழைத்துப் பார்த்தார். தம்பியைப் பற்றி விசாரிக்கத்தான் துடிக்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிமலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சூழ்ந்திருந்தார்கள். நடுவே அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து தம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். வளையல் இரண்டுதான் மிச்சம், மணிக்கட்டில் ரத்தம். யாரோ அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்ததில் பள்ளி நோட்டுகள் மண்ணில் கிடந்தன. அவருடைய ஊர் இரண்டு நிறுத்தம் முன்பே போய்விட்டதாம். தேடி வருகிறவர்கள் கடைசி நிறுத்தத்துக்குத்தானே வருவார்கள் என்று இறங்காமல் வந்திருக்கிறார். பிடுங்கப் பார்த்தவர்களிடம் அவர் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அம்மா கை நீட்டியபோதும் உடனே கொடுக்கவில்லை. தம்பி தாவிய பிறகே பிடி தளர்ந்தது.

“நீங்கதான குடுத்தீங்க? இவங்களுக்குச் சொல்லுங்கம்மா.”

அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். கூட்டம் கலைந்தது, யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. அப்பா மட்டும் மண்டியிட்டு, ஒவ்வொரு நோட்டாகத் தன் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தார். தம்பியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என்ன நோட்டு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

பையை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் என் காலைப் பார்த்தார்.

“ஒத்தச் செருப்போடவா வந்த, பாப்பா? கால் சுடலியா?”

குத்திக்காட்டுகிறார் என்று எண்ணி வெறுங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாவது ஆளாக அந்த அம்மாளை நிறுத்தி நலம் நினைத்தேன். எனக்குப் பெரிய மனசு என்றும் தோன்றியது. அவரும் அப்படி உட்கார்ந்தால் அவருடைய நான்காவது ஆள் யார் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.