விருந்தாளிக்குப் பெரிய மீன்

கடலை அளக்கிற உத்தியோகத்துக்கு நீச்சல் தெரிய வேண்டாம். மானம், ரோஷம் இல்லாத ஒரு மூக்கு இருந்தால் போதும். அரசாங்கத்துக்காக எதையாவது அளந்து, எழுதி, மேலே அனுப்பி, மேலேயிருந்து வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

ஐம்பதுகளின் கடைசியில் மீமிசலுக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கரைக்கு வருகிற மீனின் நீளம், கடல் தண்ணீரின் உப்பு, சூடு எல்லாவற்றையும் அளந்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் அந்தக் கரையோரம் விசைப்படகு விடலாமா, வேண்டாமா என்று சென்னையில் முடிவு செய்வார்கள். கரையை ஒட்டி, ஆழமில்லாத இடத்தில், கடலடியில் புல் மண்டிக் கிடந்தது. மீன் குஞ்செல்லாம் அதற்குள்தான் வளரும். அதில் விசைப்படகு வந்து தரையை வழிக்கிற வலையை இழுத்தால் புல்லும் போச்சு, குஞ்சும் போச்சு, கரையில் நின்றே இழுக்கிற கரைவலையை நம்பியிருந்த அந்த ஊரும் போச்சு.

நாற்றம் மட்டும் மிச்சம்

என் வீடு ஆவுடையார்கோவிலில். சுத்த சைவம். சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருவேன். கூட்டம் படிக்கட்டில் தொங்கினாலும் என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருக்கும். அவ்வளவு மரியாதை!

வாசலில் என் மனைவி விசாலம் வாளித் தண்ணீரோடு நிற்பாள். தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. "மீனைக் கையால் தொட்டதோடு சரி, வாயில் வைத்ததே இல்லை" என்று கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். அவளுக்கு அதில்தான் எரிச்சல். "தின்னுட்டு நாறுனாலும் ஒரு நியாயம் இருக்கு. எவனோ திங்கிற மீனுக்கு நாத்தத்தை மட்டும் நீங்க சுமந்துட்டு வாரீங்களே!"

போத்தலில் கடல்

மதுவிலக்குக் காலம். நானோ மரப்பெட்டி நிறையப் போத்தல்களில் கடல் தண்ணீரைத் தக்கை போட்டு அடைத்து, புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, ரயிலுக்குக் கொண்டுபோகிறவன். அறந்தாங்கி தாண்டி ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை மறித்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

"கடல் தண்ணீங்க. எவ்வளவு உப்பு இருக்குன்னு மெட்ராஸ்ல பாப்பாங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மனிதர் ஒரு போத்தலைத் திறந்து மோந்தார். வாசனை இல்லை. சந்தேகம் தீராமல் ஒரு மடக்கு குடித்தே விட்டார். சாலையோரம் போய்த் துப்பிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்தார். "யோவ், சாராயம்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். உப்புக் கரிக்குதான்னு பாக்க மெட்ராஸ்ல கடலே இல்லையாய்யா?"

குடும்ப மானம்

கரைவலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி காளிமுத்து. அவர் தங்கை செவந்தி கரையில் மீனை ஏலம் விடுகிறவள். தினம் காலையில் ஓலைக் கொட்டகையில் நான் அளவுப் பலகையோடு உட்கார்ந்ததும், செவந்தி ஒரு தட்டில் மீன் கொண்டுவந்து வைப்பாள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மணலில் காய்ந்த பொடி மீன்களை நானும் பார்த்தேன்தான். அது வேறு சாதி மீன், அதன் வளர்த்தியே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். சைவப் பிள்ளைக்கு மீன் சாதி எங்கே தெரியும்?

என் அளவுகளைப் பார்த்துச் சென்னையில் ஒரே கொண்டாட்டமாம். மீனெல்லாம் நன்றாக வளர்ந்து கொழுத்திருக்கிறது, அங்கே குஞ்சே இல்லை, புல்லுக்கு மேலேயே விசைப்படகு விடலாம் என்று இடம் பார்க்கப் பெரிய அதிகாரி ஜீப்பில் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் அறிந்த மட்டும் புல் இருக்கிற இடத்தில் குஞ்சு இல்லாமல் இருக்காது. செவந்தியிடம் ஓடினேன்.

"இந்தக் கடல்ல குட்டி மீனே கெடையாதா?"

"கூடை கூடையாக் கெடக்கே!"

"பின்னே எனக்கு ஏம்மா ஒண்ணுகூடக் காட்டலை?"

செவந்திக்கு வந்ததே கோபம். "நல்லாருக்கே கதை! நீங்க தின்னாட்டியும் விருந்தாளி விருந்தாளிதானேங்க. விருந்தாளி முன்னாடி பொடி மீனை வச்சா எங்க குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?"

கயிறு பிடித்தவர்

அதிகாரிக்காவது பொடி மீனைக் காட்டச் சொல்லிக் காளிமுத்துவிடம் கெஞ்சினேன். "ஒங்களவிடப் பெரிய அதிகாரிங்கிறீங்க. அப்ப ஒங்களுக்குக் காட்டுனதவிடப் பெரிய மீனுல்ல காட்டணும்?" என்றார் அவர். சொன்னதோடு விட்டாரா? கோட்டைப்பட்டினத்துக்கு ஆள் அனுப்பி ஆளுயரச் சீலா மீன் ஒன்றை வரவழைத்துவிட்டார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை இழுக்கும்போது வழிப்போக்கன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. பங்கை அள்ளியது அள்ளியபடியே கொட்ட வேண்டும். பெரிசு, சிறிசு பொறுக்கக் கூடாது. மறுநாள் காலை, தொப்பியும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக அதிகாரி வந்து இறங்கினார். "ஐயா, கயிற்றில் கை வைத்தால்தான் வலையின் பாரம் தெரியும். நேரடி ஆய்வு என்றால் இதுதானே?" என்று ஒரு போடு போட்டேன். ஆய்வு என்றதும் மனிதருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தவர், வலையின் கடைசிப் பையான மடி கரையேறும்வரை விடவில்லை. தொப்பி கடலோடு போயிற்று.

செவந்தி ஒரு கூடை அள்ளி அவர் முன்னால் கொட்டினாள். எல்லாம் விரல் நீள ஓரா மீன் குஞ்சும் விளைமீன் குஞ்சும், நடுநடுவே புல்லும். "பெரிய மீன் எங்கேம்மா?" என்று விழித்தார். "அது விருந்தாளிக்குங்க. நீங்கதான் கயிறு பிடிச்சிட்டீங்களே, இனிமே நம்ம வீட்டு ஆளு." அதிகாரி மணலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். என் பலகையை வாங்கிக் குஞ்சு குஞ்சாகத் தாமே அளந்தார். "விசைப்படகு ஆழத்தோடு நிற்கட்டும். புல் பக்கம் வரக் கூடாது" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அதோடு விட்டாரா மனிதர்? காளிமுத்துவைப் பார்த்து, "உங்க வலையும் இந்தக் குஞ்சைத்தானே வாருது? குஞ்சு வளர்ற மாசத்துல மடியைக் கண்ணு பெரிசாக் கட்டுங்க, குஞ்சு தப்பிப் போகட்டும்" என்றும் சொல்லிவிட்டார். காரியம் கெட்டது என்று நான் ஜீப்பை நோக்கி நகர ஆரம்பித்தேன். காளிமுத்து அதிகாரியின் கையைப் பிடித்து, கயிறு இழுத்ததில் உள்ளங்கையில் வந்திருந்த கொப்புளங்களைத் திருப்பிப் பார்த்தார். "விருந்தாளி சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டு மறந்துருப்பேன். கயிறு பிடிச்ச ஆளு சொல்றீங்க, கட்டித்தானேங்க ஆகணும்!"

அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள், புல் பக்கம் விசைப்படகு வரக் கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது. விஞ்ஞானம் அவ்வளவு வேகமாக வேலை செய்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.