நண்டுப் பக்கம்

என் கட்டுரைகளிலேயே அதிகம் பேர் மேற்கோள் காட்டியது கடலோரக் கற்சுவரைப் பற்றியது. அதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், கோபம் வரும்.

அந்தக் கட்டுரையின் சாரம் ஒரே வாக்கியம்தான். கரையில் கல் கொட்டினால் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கும், ஆனால் வடக்கே அடுத்த ஊரின் மணலைக் கடல் எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்வதற்காகக் குருசுக்குப்பத்தில் தொடங்கி வடக்கே பல வருடங்கள் கரையை அளந்தேன். பாறையில் வழுக்கி விழுந்த முழங்கால் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. குருசுக்குப்பத்தில் இன்று படகை இழுத்துப் போட மணல் கிடையாது, கல்தான் இருக்கிறது.

கனகசெட்டிக்குளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மீனைப் பற்றிப் பேசவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஊருக்குத் தெக்கால கல்லு கொட்டப் போறாங்களாம். ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே டீச்சர்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி எழுதவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வழக்கமாகப் போடும் கொசுறுகூடப் போடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மணல் போனால் அவர்கள் வீட்டுப் படகு எங்கே ஏறும்? கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அலைந்து திரிந்து அந்தத் திட்ட அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. என் வாக்கியமும் இருந்தது, முதல் பாதி மட்டும். ‘ஆனால்’ என்று தொடங்கும் பாதியைக் காணோம். கீழே போட்டிருந்த பக்க எண்ணும் தப்பு. என் கட்டுரை வந்த இதழில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ நண்டுகளின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை வரும்.

சும்மா இருக்க முடியவில்லை. என்னை மேற்கோள் காட்டிய மற்றவர்களையும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவர்களிடம் அதே பாதி வாக்கியம், அதே நண்டுப் பக்கம். முதலில் ஒருவர் தப்பாகப் போட்டதை அடுத்தவர் திறந்து பார்க்காமல் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். எங்கள் தொழிலில் இதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வந்தது. குழுவின் தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். இந்தக் கல்லூரியில் இவ்வளவு மேற்கோள் வேறு யாருக்கும் இல்லை, இந்த ஒரு கட்டுரையே போதும் என்று பாராட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருக்கலாம்.

அந்த எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். முக்கால்வாசி மேற்கோள்கள் நான் சொல்லாததைத்தான் சொல்கின்றன என்று விளக்கினேன். தலைவரின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவரும் என்னை மேற்கோள் காட்டியவர்தான்.

“முதல்ல பதவிய வாங்கிக்குங்கம்மா. அப்புறம் என்ன வேணா பேசலாம். வலிய வந்து ஏன் உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க?” என்றார்.

“மண்ணப் பத்திதான் சார் கட்டுரையே. நீங்க காட்டின பக்கத்துல நண்டுதான் இருக்கு. ஒருதடவை திறந்து பாருங்க.”

வெளியே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தேன். பதவி போய்விட்டது என்று தெரிந்தது. துக்கமாக இருந்தது, பசியும் எடுத்தது. சுண்டல் வாங்கித் தின்றேன்.

கனகசெட்டிக்குளத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல. அதிகாரி என் பெயரைச் சொல்லி அந்தப் பாதி வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். நான் எழுந்து மீதிப் பாதியையும் சேர்த்துத் தமிழில் வாசித்தேன். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. உட்காரச் சொன்னார்கள். இன்னும் சத்தமாக மறுபடி வாசித்தேன்.

அதிகாரிக்கு எரிச்சல். “இத்தனை விஞ்ஞானிங்க மேற்கோள் காட்டியிருக்காங்க மேடம். அத்தனை பேரும் தப்பா?”

“தப்புதான். எழுதினவ நான் சொல்றேன்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த பெண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. பதவி வேறொருவருக்குப் போயிற்று. இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், அதே கட்டுரையை முதலில் வைத்து. தலைவர் அதே தலைவர்தான். கற்சுவர்களைப் பற்றி அவர் எழுதிய புதிய கட்டுரை சென்ற மாதம் வெளிவந்தது. வாங்கி வரி விடாமல் படித்தேன். அதில் என் பெயர் எங்குமே இல்லை. இத்தனை வருட ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய அங்கீகாரம் அதுதான்: மனிதர் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்.