அளவு ஜாக்கெட்

எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வேண்டும் என்று கிராம சபையில் முதலில் எழுந்து பேசியவள் நான்தான். வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கியதும் நானே. நூலும் லைனிங் துணியும் வாங்கக் கடத்தூர் போக ஷேர் ஆட்டோவுக்கு நின்று நின்று கால் வலித்தது ஒரு காரணம். பஸ் வந்தால் பக்கத்து ஊர்ப் பெண்களும் என் தையல் கடைக்கு வருவார்கள் என்ற ஆசை இன்னொன்று.

பஸ் வந்தது. முதல் நாள் அதற்கு மாலையும் போட்டேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் என் கடைக்கென்று யாரும் வந்து இறங்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள்தான் ஏறிப் போனார்கள். கடத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு தையல் கடை இருக்கிறது, சுவர் முழுக்கக் கழுத்து மாடல் படங்களோடு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

தையல்காரியை மாற்றுகிறவர்கள் எங்கள் ஊரில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னிடமே கிடக்கும் அளவு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போவார்கள். "சும்மா வூட்ல போட்டுக்கத்தாங்க" என்பார்கள். எனக்கா தெரியாது?

கடைசியில் எதிர்வீட்டு அக்காவின் ஜாக்கெட் மட்டும் ஆணியில் மிஞ்சியது. அவர் மாறமாட்டார் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மடியில் அந்தக் கடையின் பை. என்னைக் கண்டதும் முந்தானையால் மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவருடைய அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"இது இல்லாம அவங்க எப்படிங்கக்கா அளவு பாப்பாங்க? வெச்சுக்கங்க."

அவர் கை நீட்டவில்லை. உள்ளே போய் அந்தப் பையை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"டேப்புல அளந்து தெச்சாங்க கண்ணு. கை ஏறவே மாட்டேங்குது. இன்னிக்குக் கொண்டுபோய்க் காட்டுனா ஒரு வாரம் ஆவுங்கறாங்க. நாளன்னிக்குச் சொந்தத்துல ஒரு கல்யாணம். உன்கிட்டக் கேக்கத்தான் மூஞ்சி இல்ல."

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே பிரிக்கத் தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். கழுத்து வேலை என்னுடையதைவிட நேர்த்தி. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டையும் எடுத்துவந்து, பழையதை மேலே வைத்துப் புதியதைப் பிரித்துத் தைத்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தவர், "இப்பதான் கண்ணு மூச்சு வுட முடியுது" என்றார். அளவு ஜாக்கெட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்ததை எங்கே தைக்கக் கொடுப்பார் என்று கேட்க எனக்கும் தைரியமில்லை.