காலரா வார்டில் பாரா

பெண் கைதிகளுக்கு நாங்கள் விலங்கு போட்டதில்லை. விரலோடு விரல் கோத்துக்கொண்டு அக்கா தங்கை மாதிரிதான் கூட்டிப் போவோம். சல்யூட் அடிக்க வலது கை வேண்டும், அதனால் கைதிக்கு இடது கை. அந்தக் கையை விட்டு ஆள் ஓடிவிட்டால் சஸ்பென்ஷன் நிச்சயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் காலரா வந்தபோது நான் கான்ஸ்டபிள். என் மகளுக்கு ஐந்து மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவுடன் இப்படியா என்று எனக்கு எல்லார் மீதும் எரிச்சல். தண்ணி லாரி மீது, ஈ மீது, என்னை போலீஸில் சேரச் சொன்னவர்கள் மீது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பேசினில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வைத்தோம். அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவர வேண்டும். சின்ன கேஸுக்கெல்லாம் ஆளைப் பிடித்து உள்ளே வைக்காதீர்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லியிருந்தார். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்பக்க வழியாகப் போவேன். குழாயடியிலேயே காக்கியைக் கழற்றி பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன். நான்கே நாளில் சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. ரோல் காலில் இன்ஸ்பெக்டர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, இது யூனிஃபார்மா, தேமல் வந்த உடம்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியவள் இவள். இவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம்தான் அந்தக் கைதியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேடவாக்கம் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பஸ்ஸில் பர்ஸ் அடிப்பதில் கெட்டிக்காரி, ஓடுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. காலையில் வந்தவள் மத்தியானத்துக்குள் நாலு முறை வாந்தி எடுத்தாள், வயிறும் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு எஸ்கார்ட் யார் என்று பார்த்தால் லிஸ்டில் என் பெயர்.

ஆட்டோவில் அவள் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்றிருந்தது கை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டி மார்பு கட்டி, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் கண் அதன் மேல் போனது.

"பச்சப் புள்ளக்காரியா நீ? கைய வுடுமா. நா எங்க ஓடப்போறேன், நிக்கவே முடில."

நான் விடவில்லை. ஓடுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பின்னால் எனக்கு நல்லது சொன்னவளின் கையை அப்படி நெரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

வார்டில் அவளைக் கட்டிலில் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எனக்கு மூன்று நாள் பகல் பாரா. போலீஸில் காவல் டியூட்டிக்கு அதுதான் பெயர். முதல் நாள் சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன். காலரா வார்டில் உட்கார்ந்துவிட்டு வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்ட என் நாத்தனாரிடம் பால் பவுடர் டின் வாங்கிக் கொடுத்தேன். புட்டியில் கரைத்துக் கொடு, என்னிடம் கொண்டுவராதே என்றேன்.

குழாயடியில் நின்று பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டேன். மார்பு வலியில் உயிர் போனது. ஜன்னலுக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்ப்பேன். என் குரல் கேட்டால் அழுவாள் என்று வாயைத் திறக்க மாட்டேன். அப்படி நிற்பதைப் பெரிய தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கைதிக்கு முகம் தெளிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"புள்ளைக்கு யாரு பாலு குடுக்கறா?"

"புட்டிப்பால்தான். உன் புண்ணியத்துல."

"இன்னா தண்ணில கரைக்கறீங்கோ?"

"லாரித் தண்ணி. காய்ச்சித்தான்."

"புட்டிய?"

அதைக் கழுவுவது பச்சைத் தண்ணீரில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பச்சத் தண்ணிலதான்," என்றேன். அவள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அய்யோ பைத்தியமே! தண்ணிலதாம்மா கீது இந்த எழவு! உன் பால்ல இன்னா கீது? சிஸ்டர், இங்க வா, மொதல்ல இந்தப் போலீஸம்மாவ உள்ள தூக்கிப் போடு!"

சிஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யார் உங்களை நிறுத்தச் சொன்னது? சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க, உடுப்பை மாத்துங்க, தாய்ப்பால் கொடுங்க. உங்க பாப்பாவுக்கு இப்ப அதைவிடப் பாதுகாப்பா ஒண்ணும் கிடையாது."

சட்டையை வெளுத்தேன், டம்ளரைத் தனியாக வைத்தேன். எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அதையே என் வாயாலேயே புட்டியில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எனக்கு ரிலீவர். அப்போது மணி பதினொன்று.

"போய்க் குட்த்துட்டு வா," என்றாள் அவள், குரலைத் தணித்து. "எனக்கு ரெண்டு போச்சு. ரெண்டும் புட்டில வளந்ததுங்கோ. போ, நா எங்க போயிடப்போறேன்."

அவள் ஓடினால் என் வேலை என்னாகும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். பிறகு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். "அண்ணி, காலையிலேர்ந்து ரெண்டு தடவை தண்ணியா போயிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு பாத்துட்டிருந்தேன்."

குளித்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, பிள்ளையை வாங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளில் என்னை மறந்துவிட்டாளா என்று பயந்துபோனேன். மறுபடி அணைத்தேன். கொஞ்சம் சிணுங்கி, மூக்கால் தேடி, கப்பென்று பிடித்துக்கொண்டாள். தூங்கும் வரை குடித்தாள். நான் அழுததில் அவள் தலை நனைந்தது.

நான் வார்டுக்குத் திரும்பியபோது கட்டில் காலி. பாத்ரூமுக்குப் போவதாகச் சொன்னாளாம். கஞ்சி டம்ளரைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் நின்றேன்.

"அவ உன்னை நல்லா ஏமாத்தியிருக்கா. அதாவது புரியுதா?"

"புரியுதும்மா. ஆனா அவ சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லம்மா."

ஓடுவதற்காக அதைச் சொன்னாளா, சொன்ன பிறகு ஓடத் தோன்றியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"மறுநாளே நின்னுடுச்சும்மா. நல்லா குடிக்கிறா."

மேலிடத்திலிருந்து மூன்று மாத சஸ்பென்ஷன் வந்தது. வீட்டில் எல்லாரும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன், அவர்களுக்காக. அந்த மூன்று மாதமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் மகள் என் மடியில் கிடந்து, கேட்டபோதெல்லாம் வயிறு நிறையக் குடித்தாள். எந்தக் கைதியும் எனக்கு அவ்வளவு நல்லது செய்ததில்லை.