பத்தொன்பதாவது மீன்

போர் முடிந்த அடுத்த வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது ஞாயிறு. காலை எட்டே காலுக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். இவ்வளவு திருத்தமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பத்து வயதில் நான் எழுதிவந்த மீன் கொப்பி. நாள், புறப்பட்ட நேரம், குளம், இரை, பிடித்தவர், நீளம், பெயர் என்று கட்டம் அடித்து, தூண்டிலில் அகப்பட்ட ஒவ்வொரு மீனையும் அதில் பதிவேன். நான் அடிமட்டம் வைத்து அளக்காமல் எந்த மீனும் உம்மாவின் சட்டிக்குப் போனதில்லை.

தூண்டில்கள் மாமாவுடையவை. உம்மாவின் தம்பியான அவர் புத்தளத்திலேயே பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஓட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே உள்ள குளங்களுக்குப் போவார். வாப்பா மன்னார்க் கரைக்காரர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, இருபது வயதில், உடுத்த உடுப்போடு வந்தவர்.

அடுத்த சனிக்கிழமை வாப்பா ஊருக்குப் போவதாக இருந்தது. காடு மண்டிக் கிடந்த காணிகளை அளக்க ஆட்கள் வருவதாகச் செய்தி வந்திருந்தது. காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள் நேரில் நின்று எல்லையைக் காட்ட வேண்டும். வாப்பாவிடம் உறுதி இல்லை, ஞாபகம்தான் இருந்தது. அது போதுமா என்று உம்மா ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

குளத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. பத்து மணியளவில், பாண் உருண்டை கோத்த வாப்பாவின் தூண்டிலில் ஒரு பெரிய மீன் வந்தது. வெள்ளி உடம்பு, விரித்த கத்தரிக்கோல் போன்ற வால், சின்ன வாய். அடிமட்டத்தை ஒன்றரைத் தடவை வைத்து அளந்தேன். அப்படியொன்றை அதற்கு முன் நாங்கள் பிடித்ததில்லை.

“பாலை மீன். எழுது மகள்,” என்றார் வாப்பா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாலை கடல் மீன்தானே மச்சான்! இது கெண்டை. கொண்டுவந்து விட்ட குஞ்சு வளர்ந்திருக்கு.”

“கெண்டைக்கு வால் இப்படியா பிளந்திருக்கும்? எங்கட ஊர்ல எத்தனை பிடிச்சிருக்கன்.”

“எங்கட ஊர், எங்கட ஊர்! இருபது வருஷமாப் புத்தளத்து மீன்தானே திண்டீங்க?”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். குளத்தில் குஞ்சு விட்டபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த வர்ணத் தாள் என்னிடம் இருந்தது. அதில் ஆறு மீன்கள். ஆறையும் பார்த்தேன். தாளில் இல்லாத மீன் குளத்தில் இருக்க முடியாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

“வெள்ளிக் கெண்டை,” என்றேன். “கடல் மீன் குளத்துக்கு எப்படி வாப்பா வரும்? நடந்தா?”

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “புள்ளைக்குத் தெரியுது! மீனையே மறந்திட்டீங்க மச்சான். அங்க போய் எந்த மரத்தக் காட்டி இது என்ட எல்லை எண்டு சொல்லப் போறீங்க?”

வாப்பா மீனின் வாயைத் திறந்து பார்த்தார், மூடினார்.

“கெண்டையாத்தான் இருக்கும். எழுது,” என்றார்.

பத்தொன்பதாவது மீனாக அதை எழுதி, பெயரின் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

பகல் சாப்பாட்டில், இவ்வளவு முள்ளா என்று உம்மா சலித்துக்கொண்டார். வாப்பா என் பீங்கானிலிருந்த துண்டை எடுத்து, கவர் கவரான நுண்முள்ளுகளை ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டார். விரல் எங்கும் தேடவில்லை. எந்த இடத்தில் எந்த முள் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் தின்று முடித்தேன்.

பல வருஷங்களுக்குப் பிறகுதான் வாசித்தேன்: கடலோரத்தில் பிடிக்கும் பாலைக் குஞ்சுகளைக் குளங்களில் விடுவதுண்டு. நன்னீரில் அவை நன்றாக வளரும். முட்டையிடத்தான் கடல் வேண்டும். அதற்குள் வாப்பாவின் ஊர்க் காணியின் பெரும்பகுதி வேறு ஆட்களின் வேலிக்குள் போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, மன்னார் பஸ் போன பிறகும் வாப்பா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“தலைக்குள்ள ஒண்டும் சரியா நிக்குதில்ல மகள்,” என்றார்.

தலையிடி என்று நினைத்து, உம்மாவிடம் தைலம் வாங்கிவந்து அவர் நெற்றியில் பூசிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் பூசி முடிக்கும்வரை அசையாமல் இருந்தார்.