திரும்பி வருகிற வரி

மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் அழைப்பு நகுலேஸ்வரனுக்குத்தான். செயின்ட்-மிஷேலில், வெளிப்படிக்கட்டு ஏறிப் போகிற மேல்வீட்டில் இருந்து மரண அறிவித்தல் எழுதி, பக்கம் அமைத்துக் கொடுப்பவர் அவர். பகிடிக்கு 'எமனுக்குக் கணக்கெழுதுகிற கிளாக்கர்' என்பார்கள். எந்தப் பெயரும் இரண்டு தரம் வரக்கூடாது. உயிரோடிருக்கும் சித்தப்பாவுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று விழுந்துவிட்டால் சும்மா விடுவார்களா? அதனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் சிவநேசம் ரீச்சர் ஒரு ரஷ்ய நாவலைக் கொடுத்தார், பாருங்கள்! ரீச்சர் ஒரு காலத்தில் மொஸ்கோவில் படித்தவர். நூறு வருடத்துக்கு முந்திய குறியீட்டு எழுத்தாளர் ஒருவரின் கதையைத் தானே தமிழாக்கிக் கொண்டுவந்து, புத்தகமாகப் பக்கம் அமைத்துத் தரச் சொன்னார். அந்த ரஷ்யர் கதையைச் சங்கீதம் போல எழுதிப் பார்த்தவர். பல்லவி திரும்புவது போல ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: 'பனிக்குள் யாரோ படியேறி வந்தார். கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை.'

நகுலேஸ்வரன் அந்த வரி முதலில் வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடங்களிலெல்லாம் அதை வெட்டித் தள்ளினார்.

"கனக்க இடத்தில அதே வரி திரும்ப விழுந்திருந்தது ரீச்சர். எடுத்திட்டன்."

ரீச்சருக்குத் தலை சுற்றியது. "ஐயோ தம்பி, என்ன வேலை பார்த்தனீர்! அது திரும்பி வாறதுதான் கதை. வராட்டி, அந்த வீட்டில ஒரு ஆளுக்காகக் காத்திருக்கினம் எண்டே தெரியாது."

நகுலேஸ்வரன் வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். வந்தது வினை. அந்தக் கண்டறியாத வரி மண்டைக்குள் குடியேறிவிட்டது. பட்டப்பகலில் வெளிப்படியில் பனி நெரிபடும் சத்தம் கேட்கும். எழுந்துபோய்க் கதவைத் திறப்பார். பனி உருகட்டும் என்று காலையில் தூவிய உப்பு மட்டும் படியில் கிடக்கும். பேய்க்குப் பயந்தவரல்ல அவர். வருவது யாரென்று தெரிந்ததுதான் பயம்.

பிருந்தன் அவருடைய கடைசித் தம்பி. நகுலேஸ்வரன் அப்போதே கனடாவில். ஊரில் போரின் கடைசி நாளில், 'விசாரித்துவிட்டு விடுகிறோம்' என்ற ஆமிக்காரரிடம் அவனைக் கையைப் பிடித்து ஒப்படைத்தது அம்மாதான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. மொன்றியலுக்கு வந்தும் புஷ்பவதி அம்மா அவனுக்குத் திவசம் செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போடவும் விடவில்லை.

"நான் குடுத்த பிள்ளை. அவங்கள்தான் திருப்பித் தரவேணும்" என்பார்.

இந்த மாசியில் அம்மா கண்ணை மூடினார். ஊருக்கெல்லாம் எழுதியவர் சொந்தத் தாய்க்கு எழுத உட்கார்ந்தார். நகரின் மறுகோடி பியர்பொன்ட்ஸிலிருந்து தங்கை சுதாஜினி அழைத்தாள்.

"அண்ணை, பிருந்தனுக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுங்கோ."

"அம்மா இருந்தா விடுவாவே?"

"அம்மாதான் போயிட்டாவே! போற சாவீடெல்லாம் 'தம்பியின்ர சேதி ஏதும் இருக்கோ' எண்டு கேக்குதுகள். எனக்கு ஏலாது அண்ணை. ஒருக்கா அழுது முடிப்பம்."

அவள் சொன்னதிலும் பிழை இல்லை. எத்தனையோ பேருக்குப் போட்ட சொல், விரல் தானாகவே போட்டது. காலஞ்சென்ற பிருந்தன். இத்தனை வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாததை அவருடைய கை சொல்லிவிட்டது. தம்பியைத் தானே கொன்றுவிட்டது போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் பனி நெரிபட்டது.

இந்தத் தடவை அவர் போய்க் கதவைத் திறக்கவில்லை. அந்தச் சொல்லை வெட்டினார். 'நகுலேஸ்வரன், சுதாஜினி, பிருந்தன் ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று அனுப்பிவிட்டார்.

சுதாஜினி கொதித்துப்போனாள். ஈமச்சடங்கு மண்டபத்தில் அண்ணனுக்கு முகம் கொடுத்துப் பேசவேயில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள். சனம் வந்தபடி இருந்தது. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்ததும், வாசலைப் பார்த்த கதிரையிலிருந்த நகுலேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு முதலே அவள் திரும்பிவிட்டிருந்தாள்.

கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு யாரோ தெரிந்தவர் வந்தார். அவள் அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கதவு திறந்தது. மறுபடியும் திரும்பினாள்.

கொஞ்ச நேரத்தில் எழும்பி அண்ணனிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை. அங்கயிருந்து எனக்குக் கதவு தெரியேல்லை."